சாட்சி போட நான் ஆள் இல்லை

என் தம்பி பத்திரத்தோடு வந்த அன்று நான் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் எங்கள் அப்பா கட்டிய வீட்டின் முன்னறை அது. நான் வக்கீல் தொழில் செய்த காலம் முழுக்க அதுதான் என் ஆபீஸ். தொழிலை நிறுத்தியதும் சட்டப் புத்தகங்களை என் ஜூனியர் பெண்ணிடம் கொடுத்தேன். எனக்கு எப்போதுமே பிடிக்காத அந்தப் பெரிய மேஜையைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேரம் போர்டை வாங்கிப் போட்டேன். வயசான காலத்தில் கோயில் குளம் என்று போகாமல் இது என்ன கூத்து என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். நான் கோயிலுக்கும் போகிறேன், வந்து கேரமும் ஆடுகிறேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். ஒரு காலத்தில் என் கட்சிக்காரி, இப்போது என் கேரம் கூட்டாளி. சிவப்புக் காயைப் பாக்கெட்டில் தள்ளிவிட்டு, அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காய்க்குக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பிளாஸ்டிக் உறையிலிருந்து தாள்களை உருவி, போர்டின் மேலேயே வைத்தான்.

"அக்கா, பெருசா ஒண்ணுமில்ல. ஒரு சாட்சிக் கையெழுத்து. அவ்வளவுதான்."

"இன்னாபா தம்பி, ஆட்டம் நடந்துகினு கீது, காய் மேல காயிதத்த வெக்கிற? தூக்கு மொதல்ல" என்றாள் மீன்காரி.

அவன் தூக்கினான். நான் வாங்கிப் படித்தேன். அப்பா உயில் எழுதாமல் போனவர். அவருக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள், நானும் அவனும். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் அந்தப் பத்திரத்தில், அப்பா காலத்திலேயே குடும்பத்தார் கூடிப் பேசி வீடு முழுவதையும் அவனுக்கே விட்டுவிட்டதாகவும், அவன் அதை ஒரு பில்டருக்கு விற்பதாகவும் எழுதியிருந்தது. கூடிப் பேசிய குடும்பத்தார் யார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. என் பெயர் ஒரே இடத்தில்தான் இருந்தது, கடைசிப் பக்கத்தில், சாட்சிகள் என்ற தலைப்பின் கீழே.

"ஏன்டா, சாட்சிக்கு உனக்கு வேற ஆளே கிடைக்கலயா?"

"நீ வக்கீல்க்கா. உன் கையெழுத்து இருந்தா பத்திரத்துக்கே ஒரு மதிப்பு" என்றான். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லாமல் சொன்னான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் குடும்பம் தெற்கேயிருந்து வந்த வியாபாரக் குடும்பம். வத்தல், புளி மொத்த வியாபாரம். நான் பிறந்த கையோடு அப்பா கடை திறந்தார், கடைக்கு என் பெயரை வைத்தார். எங்கள் ஆட்களிடம் அது வழக்கம். பெண் பிறந்தால் லட்சுமி, அவள் பெயரை வைத்தால் கடை ஓஹோ என்று ஓடும் என்று நம்பிக்கை. போர்டில் என் பெயர், பில்லில் என் பெயர், லாரியிலிருந்து இறங்கும் சாக்கில்கூட என் பெயர். அது என் கடை என்றுதான் நான் நினைத்திருந்தேன். வேறு எப்படி நினைப்பது? ஒரு கல்யாண வீட்டில் அதைச் சொல்லியும் விட்டேன். பெரியம்மாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏட்டி, போர்டுதான் உனக்கு. கடை அந்தா தொட்டில்ல கெடக்கவனுக்கு" என்றாள் ஒருத்தி. தொட்டிலில் கிடந்தவன் என் தம்பி. அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்க நான் விட்டதும் இல்லை.

அந்தக் கோபத்தில்தான் சட்டம் படித்தேன். அப்பா தடுக்கவில்லை, படிக்கிற பெண்ணுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். மாப்பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். எனக்குக் காதல் தோல்வி ஏதாவது இருக்கும் என்று தெருவில் கதை கட்டினார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. கல்யாணத்தைவிட நிலத் தகராறு எனக்குச் சுவாரசியமாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் சேர்ந்த சீனியருக்கு அது புரியவே இல்லை. நல்ல மனிதர், ஆனால் அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது. "நிலம் ஆம்பளைங்க விவகாரம்மா. சைட்டுக்குப் போகணும், சர்வேயரோட மல்லுக்கட்டணும், அடிதடி நடக்கும். நீ ஜீவனாம்சக் கேஸ் பாரு, பொம்பளைங்க மனசு விட்டுப் பேசுவாங்க" என்பார். ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண்களிடம் நானும் மனசு விட்டுப் பேசினேன். முக்கால்வாசிப் பேருக்குக் கடைசியில் பிரச்சினை ஒன்றுதான். புருஷன் வீட்டை விட்டு வந்தால் போய் நிற்க இடம் இல்லை. அப்பா வீட்டில் கதவு திறக்காது. அப்படியென்றால் நான் பார்க்க வேண்டியது வீட்டைத்தானே? சீனியரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

முதல் நில வழக்கு எனக்குக் கிடைத்ததே யாரும் அதைத் தொட மறுத்ததால்தான். திருவொற்றியூர் கரையோரம் ஒரு விதவைக்கு மனை இருந்தது. கடல் ஏறிக்கொண்டே வந்தது. பக்கத்து மனைக்காரர் இதுதான் சமயம் என்று சுற்றுச்சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டு, "உங்க இடத்தைக் கடல் கொண்டுபோயிருச்சு, போய் கடல்கிட்ட கேளுங்க" என்றார். சீனியர் உதட்டைப் பிதுக்கினார். நான் பத்திரத்தைப் படித்தேன். மனையின் நட்ட நடுவில் ஒரு உறைகிணறு என்று எழுதியிருந்தது. கிணறு கிடைத்தால் மனை கிடைக்கும் என்று எனக்குப் பட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் இறங்கினேன்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாமா தேடினுகீற? மோதிரம் வுட்டுட்டியா?"

"கிணறு" என்றேன்.

"கடல்ல கெணறா! செம பேஜாரா கீதே" என்று சிரித்தார்கள். ஆனால் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அலை பின்வாங்கும்போது காலில் சிமென்ட் உறை இடித்தது. அவர்களே டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார்கள். கிணற்றிலிருந்து மேற்கே அளந்தால், விதவையின் பாதி மனை நல்ல காய்ந்த மணலாக இருந்தது, பக்கத்துக்காரர் சுவருக்குள்ளே.

"அம்மையார் கடலில் குளித்ததெல்லாம் சாட்சியமா?" என்று எதிர்க்கட்சி வக்கீல் கோர்ட்டில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கோர்ட் கமிஷனரை அனுப்பி இடத்தைப் பார்க்கச் சொல்லி மனு போட்டேன். கமிஷனரும் முழங்கால் வரை நனைந்தார். பாதி மனை அந்தப் பெண்ணுக்கு வந்தது. அதன் பிறகு சீனியர் எனக்கு ஜீவனாம்சக் கட்டு எதையும் தள்ளிவிடவில்லை. எண்ணூர் வரைக்கும் நான் கால் வைக்காத மனை குறைவு. இந்தப் பக்கத்தில் சொத்து வழக்கு மட்டுமே நடத்திய முதல் பெண் நான்தான் என்று பிற்பாடு ஒரு பாராட்டு விழாவில் சொன்னார்கள். முதலாவதா இரண்டாவதா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் யாரும் கண்ணில் படவில்லை என்பது மட்டும் தெரியும்.

மீன்காரி என்னிடம் வந்தது சாட்சிக் கையெழுத்தால்தான். அவளுடைய அண்ணன் ஒரு நாள் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறான். ஒன்றுமில்லை, சும்மா சாட்சி என்றிருக்கிறான். இவளும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போய்ப் பெருவிரலை உருட்டிவிட்டு வந்திருக்கிறாள். வரும் வழியில் பிரியாணி வாங்கிக் கொடுத்தானாம். அது அவர்களுடைய அம்மா வீட்டை அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட பத்திரம். "ஒரு பிரியாணி துன்ட்டு வூட்ட குட்த்துட்டேன் வக்கீலம்மா" என்று என் பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

இது எங்கள் வட்டாரத்தில் பழைய தந்திரம். மீனவர் வீடானாலும் வியாபாரி வீடானாலும் ஒன்றுதான். பெண்ணிடம் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் கேட்டால் அவள் யோசிப்பாள், யாரையாவது கேட்பாள். சாட்சியாக வா என்றால் பெருமையோடு வருவாள். நம்மையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிடுகிறார்களே என்ற பெருமை. நாளைக்கு அவள் பங்கு கேட்டால், "எல்லாம் தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டே" என்று அதையே முகத்தில் வீசுவார்கள். சாட்சி போட்டவளுக்கு உள்ளே எழுதியிருப்பது தெரியும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லி ஜெயிப்பதற்குள் அவள் செருப்பு தேய்ந்துவிடும். மீன்காரிக்கும் தேய்ந்தது. அண்ணன் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் ஆன பிறகுதான் அம்மா வீட்டின் முன்பக்கம் அவள் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு என்னிடம் வந்த எல்லாப் பெண்ணுக்கும் நான் சொன்னது ஒன்றுதான். கூப்பிட்டால் போ, காபி கொடுத்தால் குடி, பேனாவைத் தொடாதே.

சட்டமும் நெடுங்காலம் எங்களோடு கண்ணாமூச்சி ஆடியது. அப்பா சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு என்று ஒரு பக்கம் சொல்லும். குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண்பிள்ளைகள் தாங்களாகப் பிரித்துக்கொள்கிற வரைக்கும் மகள் வாயைத் திறக்கக் கூடாது என்று இன்னொரு பக்கம் சொல்லும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வீட்டைத் தவிர வேறு என்ன சொத்து இருந்தது? இந்த ஒரு விதியால் நான் தோற்ற வழக்குகளை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். கடைசியில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஜிலேபி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன். என் தம்பியும் ஒன்று எடுத்துக்கொண்டான், எதற்கு என்று கேட்கவில்லை.

கேரமுக்கு வருகிறேன். வடசென்னையில் தெருவுக்கு ஒரு கேரம் கிளப் உண்டு, ஆனால் உள்ளே பெண்கள் ஆடி நான் பார்த்ததில்லை. நான் போர்டு வாங்கியதும் மீன்காரி வந்தாள். ஏலம் முடித்துக் குளித்துவிட்டு மத்தியானம் வருவாள். அவள் பின்னால் இன்னும் சில பெண்கள் வந்தார்கள். ஆடி மாசத் திருவிழாவுக்குக் கிளப்பில் கேரம் போட்டி வைத்தார்கள். நானும் அவளும் பெயர் கொடுக்கப் போனோம்.

"லேடீசுக்குக் கோலப்போட்டி தனியா கீது பாட்டி" என்றான் மேஜையில் இருந்தவன்.

பாட்டி என்றதற்கே அவனை நாலு கேள்வி கேட்டிருப்பேன். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைக் காட்டி, "அனைவரும் வருகன்னு போட்டிருக்கீங்க. நாங்க அனைவர்ல இல்லையா? ஆண்கள் மட்டும்னு எங்க எழுதியிருக்கு, காட்டு" என்றேன். பத்திரத்தில் இல்லாத நிபந்தனையை வாயால் சேர்க்க முடியாது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவளிடமா? பெயரை எழுதிக்கொண்டார்கள். முதல் சுற்றில் ஜெயித்தோம், அடுத்த சுற்றில் தோற்றோம். தோற்றதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ரொம்பக் கடுப்பாக இருந்தது. அதன் பிறகு தினமும் பிராக்டிஸ் செய்தோம்.

இப்படி நான் பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்தபோதுதான் தம்பி பத்திரத்தைக் கொண்டு வந்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. "இதுல நான் சாட்சி இல்லடா. பாதி வீட்டுக்குச் சொந்தக்காரி" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வாரம் எங்கள் ஆட்களின் சங்கத்துப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். தம்பி மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அவர்கள் வீட்டின் பின்பகுதியில் இருந்தார்கள், நான் முன்பகுதியில்.

பெரியவர் பதமாகத்தான் ஆரம்பித்தார். "புள்ள குட்டி இல்லாதவளுக்கு எதுக்கும்மா பாகம்? கடைசில உன்னைத் தாங்கப் போறது தம்பிதானே. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போறப்போ வீட்டைத் தூக்கிட்டா போகப் போறே?"

"என் தம்பி மட்டும் தூக்கிட்டா போவான்?"

பெரியவர் காபியைக் குடித்தார். தம்பிதான் பொறுமை இழந்தான். "உனக்குன்னு யாருக்கா இருக்கா? யாருக்காக இந்த வீடு உனக்கு?"

எனக்காக என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் தூக்கி வளர்த்த தம்பி. காய்ச்சலில் படுத்தால் என் மடியில்தான் தூங்குவான். யாரும் இல்லாதவள் என்று அவனே சொன்னது, எதிர்க்கட்சி வக்கீல்கள் அத்தனை பேரும் சொன்னதைவிட வலித்தது. வழக்குப் போட்டால் அவன் எனக்கு இல்லை என்பது தெரிந்தது. போடாவிட்டால் இந்த வீடு இல்லை, இந்த அறை இல்லை, அவன் வாங்கப் போகும் ஃபிளாட்டில் ஒரு ஓரத்துக் கட்டிலில் நான் அவனுடைய தயவில் கிடக்க வேண்டும். மற்ற பெண்களை எத்தனை தடவை இந்த இடத்தில் நிறுத்தி, துணிஞ்சு போடுங்க என்று சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பாகப் பிரிவினை வழக்குப் போட்டேன். வாதி நானே, வக்கீலும் நானே. கோர்ட்டில் நீதிபதி ஒரு இளம் பெண். "நீங்களே நடத்தப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். "ஆமாம், இது ஒண்ணு பாக்கி இருக்கு" என்றேன். தம்பிக்கு வந்த வக்கீலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கடலில் குளித்ததெல்லாம் சாட்சியமா என்று என்னைக் கேட்ட வக்கீலின் மகன். அவன் புத்திசாலி, வழக்குக் கட்டைப் படித்துவிட்டு என் தம்பியிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். வழக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் பில்டரும் நழுவிவிட்டார். வாய்தாக்கள் சில ஓடிய பிறகு தம்பி ராஜிக்கு வந்தான். ஆளுக்குப் பாதி.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகளை நீளவாக்கில்தான் பிளப்பார்கள், இரண்டு பேருக்கும் தெருவாசல் வேண்டுமே. தெருவிலிருந்து கொல்லை வரைக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பியது. இடத்தை மிச்சம் பிடிக்க ஒற்றைச் செங்கல் சுவர்தான். கேரம் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு மாதிரி பொருத்தினோம். ஒரு பக்கம் உட்காருகிறவளுக்கு முழங்கை சுவரில் இடிக்கும். "இட்ச்சா இட்ச்சிக்கட்டும், நம்ம செவுருதானே" என்றாள் மீன்காரி.

தம்பி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். தீபாவளிப் பலகாரம் சுவரைத் தாண்டி வரவில்லை. தம்பி மனைவி வாசல் தெளித்தால் சுவர் முடிகிற இடத்தோடு நிறுத்தினாள், கோலத்தையும் அந்தக் கோட்டைத் தாண்டவிடாமல் போட்டாள். தெருவில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வழக்கை நினைத்து ஒரு நாளும் வருத்தப்படவில்லை, அது வேறு விஷயம்.

போன மாதம் ஒரு மத்தியானம் மீன்காரி வரும் நேரத்துக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். வந்து நின்றது தம்பி மனைவி. சுவர் எழும்பிய பிறகு முதல் தடவையாக என் வாசலில் ஏறினாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சுவரைப் பார்த்தாள், உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். தம்பிக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

"அவன் நல்லாத்தானே இருக்கான்?"

"நல்லா இருக்காவ. கடைக்குப் போயிருக்காவ." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மதினி, விம்கோ நகர்ல எங்கப்பா வீடு இருக்குல்ல. அப்பா போயி ரெண்டு வருசம் ஆகுது. எங்கண்ணன் ரெண்டு பேரும் அதை அவங்களுக்குள்ள பேசி முடிக்காங்களாம். எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த வீட்டுக்கு நடுவுலயும் இப்படி ஒரு சுவரு வைக்க முடியுமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அப்பா உயில் ஏதாவது எழுதினாரா என்று கேட்டேன். இல்லை என்றாள். நீ எதிலாவது கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்பாடா என்று இருந்தது.

"இவுகளுக்குத் தெரிய வேண்டாம் மதினி. தெரிஞ்சா கத்துவாவ."

"அதெல்லாம் முடியாது. ராத்திரி சாப்பாடு போடும்போது நீயே அவன்கிட்ட சொல்லு" என்றேன். "சத்தமாச் சொல்லு. சுவர் மெலிசுதான், எனக்கும் கேக்கணும்."